வீட்டுக்குள் மட்டும் கேட்ட மணி

என் மனைவிக்குக் குரல் போன பிறகு, முதலில் நாங்கள் அவள் கட்டிலருகே வைத்தது ஒரு எவர்சில்வர் தட்டும் ஸ்பூனும்தான். தட்டினால் சமையலறைவரை கேட்கும் என்று நினைத்தோம். மைசூர் அக்ரஹாரத்தில் நாங்கள் குடியிருக்கும் வீடு ரயில்பெட்டி மாதிரி நீளமானது. அவள் கட்டில் இருந்த, தெருவைப் பார்த்த முன்னறை, அடுத்து மகளின் படிப்பறை, பிறகு ஒரு நடை, கூடம், கடைசியில் சமையலறை. பழைய காலத்துச் சுவர்கள். குக்கர் சத்தம் போடும் நேரத்தில் தட்டு யாருக்கும் கேட்காது. இரண்டு மாதத்தில் ஸ்பூனைப் பிடிக்கவும் அவளால் முடியாமல் போனது. பிறகு கடையில் ஓர் அழைப்பு மணி வாங்கினேன். அதன் பொத்தானை அழுத்த ஒரு சின்ன பலம் வேண்டும். அந்த பலமும் மூன்று வாரம்தான் இருந்தது.

அவள் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தவள். பிஞ்சுக் குழந்தைகளின் கையில்கூட ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவாள். அவள் வரட்டும் என்று காத்திருந்து கை நீட்டுகிறவர்கள் இருந்தார்கள். ஒருநாள் காலையில் ரத்தக் குழாய் ஒன்று அவள் விரல்களிலிருந்து நழுவி விழுந்து உடைந்தது. அடுத்த வாரம் இன்னொன்று. "கை தூங்கிப் போச்சுங்க" என்று வீட்டுக்கு வந்து சிரித்தாள். ஐந்து மாதம் கழித்து, பெங்களூரில் ஒரு டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். தசைகள் ஒவ்வொன்றாக நரம்பின் பேச்சைக் கேட்காமல் போகும். கை, கால், நாக்கு, தொண்டை, கடைசியில் மூச்சு. "ஆனா அறிவுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். அதை ஆறுதலாகச் சொன்னாரா, எச்சரிக்கையாகச் சொன்னாரா என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை.

நான் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கிடங்கில் எந்தச் சரக்கு வந்தது, எது போனது என்று பதியும் மென்பொருளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. பெரிய கெட்டிக்காரன் இல்லை. நான்கு கட்டம் போட்டு, அழுத்தினால் ஒரு பதிவு விழும்படி ஒரு பக்கம் எழுத வரும். அவளுடைய வலது ஆள்காட்டி விரலில் மட்டும் இன்னும் அசைவு இருந்தது. தொட்டாலே போதுமான ஒரு டேப்லெட்டை அந்த விரலுக்குக் கீழே வைத்தால், அவள் தொடும்போது எங்கள் போன்களில் மணி அடிக்கும்படி செய்யலாமே என்று தோன்றியது.

வாட்ஸ்அப் இருக்கிறதே என்று அலுவலகத்தில் கேட்டார்கள். அதைத் திறந்து, ஆளைத் தேடி, எழுதி அனுப்ப ஏழெட்டுத் தொடுதல் வேண்டும். அவளுக்கு ஒரு தொடுதலே ஒரு மலை. அதோடு எங்கள் தெருவில் இன்டர்நெட் அடிக்கடி போய்விடும். வீட்டுக்குள் இருக்கும் வைஃபை போகாது. செய்தி வீட்டை விட்டு வெளியே போய்த் திரும்பி வர வேண்டிய அவசியமே இல்லை, முன்னறையிலிருந்து சமையலறைக்குப் போனால் போதும். என் பழைய லேப்டாப்பைக் கூடத்து அலமாரியில் வைத்து, அதிலேயே அந்தப் பக்கத்தை ஓட விடுவது என்று முடிவு செய்தேன்.

எட்டுப் பெரிய கட்டங்கள் போட்டேன். தண்ணீர், சளி, மூச்சு, திருப்பிப் படுக்க வை, கால் வலி, பாத்ரூம், மின்விசிறி, வெளிச்சம். கீழே எழுத்துகள், தமிழும் கன்னடமும். லேப்டாப்பில் அவளுக்குக் காட்டினேன். திரையை அவள் விரலருகே பிடித்தேன். அவள் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக் காட்டியது இரண்டே வார்த்தை. "சும்மா வா." எனக்குப் புரியவில்லை. "என்ன சும்மா வா?" என்றேன். எட்டுக் கட்டங்களுக்கும் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைக் கண்ணால் காட்டினாள். ஒன்பதாவது கட்டம் அப்படித்தான் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டேப்பில் அதைத் திறக்கப் பார்த்தேன். லேப்டாப்பில் ஒழுங்காக வந்த பக்கம் டேப்பில் வரவே இல்லை. அடைய முடியவில்லை என்ற ஒரே பதில். என் மகள் அப்போது இரண்டாம் பி.யு.சி., அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்தவள்தான், ஆனால் வாயைத் திறந்தால் பாதி கன்னடமாக வரும். தமிழ் எழுத்து அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"அப்பா, இந்த லோக்கல்ஹோஸ்ட்னா ஏனு?" என்று திரையைப் பார்த்துக் கேட்டாள்.

"'நானே'ன்னு அர்த்தம். லேப்டாப்புல அடிச்சா லேப்டாப்பைக் குறிக்கும். டேப்புல அடிச்சா டேப்பையே குறிக்கும்."

"ஹாகாத்ரே, அப்போ டேப் தன்னையேதான் கேட்டுட்டு இருக்கா? அங்க யாரும் இல்லல்லா."

"ஆமா. அதான் பதில் வரல."

லேப்டாப்புக்கு வீட்டு ரவுட்டர் கொடுத்திருந்த எண்ணைத் தேடி எடுத்து டேப்பில் அடித்தோம். அப்போதும் வரவில்லை. என் நிரல் தன் லேப்டாப்புக்குள்ளிருந்து வரும் அழைப்பை மட்டுமே கேட்கும்படி இருந்தது. வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் கேள் என்று ஒரு வரியை மாற்றினேன். பிறகும் லேப்டாப்பின் காவல் நிரலான ஃபயர்வால் தடுத்தது. அந்த ஒரு வாசலை மட்டும் திறந்துவிட்டேன். மகள் டேப்பைத் தட்டினாள். ஒன்பது கட்டங்களும் வந்தன.

என் மனைவியின் அக்கா, கர்நாடக எல்லையோரம் அவர்கள் சொந்த ஊரான கோபிநத்தத்திலிருந்து வந்து எங்களோடு இருந்தார். மகளுக்குப் பெரியம்மா. நானும் அப்படித்தான் சொல்லிப் பழகியிருந்தேன். அவர் போனிலும் பக்கத்தைத் திறந்து, சமையல் மேடையில் சாய்த்து வைத்தோம். முன்னறையில் என் மனைவியின் விரலை டேப்பின் மேல் வைத்துவிட்டு நான் நகர்ந்தேன். அவள் "சும்மா வா"வைத் தொட்டாள். வீட்டின் அந்தக் கோடியில் மணி அடித்தது. பெரியம்மா கையில் கரண்டியோடு ஓடி வந்தார்.

"என்ன கண்ணு? என்ன வேணும்?"

என் மனைவி மெதுவாக எழுதினாள். எங்கள் மூவர் கண்ணும் அந்த விரலிலேயே இருந்தது. "கரண்டிய வெச்சுட்டு வா. ரசம் சொட்டுது."

பெரியம்மா சிரித்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். நான்கு மாதமாகத் தங்கையிடமிருந்து அவருக்கு ஒரு கேலிப் பேச்சு வந்திருக்கவில்லை. "கம்பி இல்லாம, கிம்பி இல்லாம எப்புடிங்க மாப்ள போவுது இது?" என்று என்னைக் கேட்டார். நான் பெருமையோடு விளக்கினேன். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அதற்குப் பின் வந்த ஆறேழு வாரங்கள் எங்களுக்கு நல்ல வாரங்கள். அவள் எல்லாரையும் வேலை வாங்கினாள். சாம்பாரில் புளி தூக்கல் என்று சமையலறைக்கு எழுதுவாள். மகளுக்கு எழுதும்போது மட்டும் கன்னட எழுத்துக்கு மாறிவிடுவாள், ஆனால் வார்த்தைகள் தமிழாகவே இருக்கும். என் மனைவி ஊரில் பேசியது தமிழ், பள்ளியில் படித்தது கன்னடம்; தமிழ் எழுத்தை வீட்டில் கற்றிருந்தாள். மகள் அந்தக் கன்னட எழுத்துகளை வாய்விட்டுப் படிப்பாள். படிக்கப் படிக்க அவள் அம்மாவின் ஊர்த் தமிழ் அவள் வாயிலிருந்து வரும். "சாப்புட்டியா சாமி? தலய ஒணத்திட்டுப் படி." ஒருநாள் நடையில் நின்று அதைக் கேட்டேன். ஒரு கணம் என் மனைவியே பேசுவதுபோல இருந்தது. உள்ளே போகாமல் அங்கேயே நின்றுவிட்டேன்.

நான் செய்யாமல் விட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். ரவுட்டர் தரும் எண் நிரந்தரமில்லை. மின்சாரம் போய் வந்தால் அது எண்களைப் புதிதாகப் பங்கிடலாம். லேப்டாப்புக்கு இந்த எண்தான் என்று ரவுட்டரிலேயே கட்டிப்போட வேண்டும். பத்து நிமிட வேலை. தொழிற்சாலையில் புதுக் கணினி வைத்தால் முதல் வேலையாக அதைத்தான் செய்வேன். வீட்டில் ரவுட்டரின் கடவுச்சொல் மறந்திருந்தது. அதைத் திரும்ப அமைக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்து போனது. செய்தி போகவில்லையென்றால் போகவில்லை என்று திரையில் காட்டும் ஒரு வரியையும் எழுதாமல் விட்டிருந்தேன். எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததால் அது தோன்றவில்லை.

அந்த மத்தியானம் நான் வேலையில் இருந்தேன். எங்கள் தெருவில் கால் மணி நேரம் கரண்ட் போய் வந்தது. ரவுட்டர் அணைந்து எழுந்தது. லேப்டாப்பிடம் இருந்த எண்ணை இந்த முறை மகளின் போனுக்குக் கொடுத்துவிட்டது.

மகள் பக்கத்து அறையில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். போன் அவள் கண்ணெதிரே மேசைமேல் இருந்தது. பெரியம்மா மாடியில் துணி உலர்த்தப் போயிருந்தார். அவர் போனை இடுப்பில் செருகியிருந்தார். என் மனைவிக்குத் தொண்டையில் சளி அடைத்தது. அவள் "சளி" கட்டத்தைத் தொட்டாள். தொட்டுக்கொண்டே இருந்தாள். அவள் அழைப்பு ஒவ்வொன்றும் சுவருக்கு அந்தப் பக்கம் மகளின் போன் வாசல்வரை போய் நின்றது. அங்கே அதைக் கேட்க எதுவும் இல்லை. போன் மேசையில் அமைதியாகக் கிடந்தது. அம்மா தூங்குகிறாள் என்று மகள் நினைத்தாள்.

எவ்வளவு நேரம் என்று எங்களுக்குத் தெரியாது. மாடியிலிருந்து இறங்கிய பெரியம்மா காபி வேண்டுமா என்று கேட்க முன்னறைக்குப் போனார். தங்கையின் உதடு நீலமாக இருந்தது. கண்கள் திறந்திருந்தன. விரல் மட்டும் டேப்பின் மேல் அசைந்துகொண்டிருந்தது. பெரியம்மா போட்ட சத்தத்தில் மகள் ஓடி வந்து சளி உறிஞ்சும் கருவியைப் போட்டாள். குழாய் இரண்டு தடவை நழுவியதாம். மூன்றாவது தடவை மூச்சு வந்தது.

நான் வீட்டுக்கு வந்தபோது மகள் கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்தாள். "போன் முன்னாடியே வெச்சிருந்தேன் அப்பா. பெல் ஆகவே இல்ல. ஆணெ, சத்தியமா ஆகவே இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் கூடத்துக்குப் போய் லேப்டாப்பைப் பார்த்தேன். எண் மாறியிருந்ததை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்தேன். "ஏதோ வைஃபை கோளாறு" என்று மட்டும் அவளிடம் சொன்னேன். அன்று மாலையே ரவுட்டரை முழுதாகத் திரும்ப அமைத்து எண்ணைக் கட்டிப்போட்டேன். இணைப்பு அறுந்தால் டேப்பும் போன்களும் சிவந்து கத்தும்படி எழுதினேன். எல்லாமாகச் சேர்த்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

ஆனால் அந்த நாளில் எனக்கு உறைத்தது வேறொன்று. மணி வருவதற்கு முன்னால், தட்டும் ஸ்பூனும் இருந்த நாட்களில், எங்களில் யாராவது ஒருவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முன்னறைக்கு எட்டிப் பார்ப்போம். கேட்காமல் போய்விடுமோ என்ற பயம். மணி வந்த பிறகு அந்தப் பழக்கம் எங்களுக்கே தெரியாமல் நின்றுபோயிருந்தது. தேவைப்பட்டால் கூப்பிடுவாள் என்று இருந்துவிட்டோம்.

இரண்டு நாள் கழித்து அவள் எனக்கு எழுதினாள். அதை எழுதி முடிக்க வெகுநேரம் பிடித்தது. "மிசின் நல்லா இருக்கு. நீங்களும் வாங்க."

அதன் பிறகு நாங்கள் பழையபடி எட்டிப் பார்த்தோம். மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு முன்னறைக்கே குடிவந்துவிட்டாள். ஒன்பதாவது கட்டத்துக்கு வேலை குறைந்தது.

மழைக்காலம் முடியும் சமயத்தில் அந்த விரலும் நின்றது. மூச்சு இளைத்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் பார்க்க விடுவது ஒரு நாளைக்குப் பத்தே நிமிடம். விரல் அசையாவிட்டாலும் அவள் கண்ணை மூடும் எழுத்தில் நான் நிறுத்திப் பதியும்படி, என் கையால் கட்டங்களை நகர்த்தும் ஒரு வழியை அவசரமாக எழுதி வைத்திருந்தேன். ஆஸ்பத்திரியின் வைஃபையில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாது. அதனால் என் போனிலிருந்து ஒரு ஹாட்ஸ்பாட் போட்டு, லேப்டாப்பையும் போனையும் வெளியே நாற்காலியில் வைத்துவிட்டு, டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போகப் பார்த்தேன். வாசலில் இருந்த நர்ஸ், உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று நிறுத்தினார்.

"சார், இதெல்லா ஒளகே பேடா."

"அவளுக்குப் பேச்சு வராது மேடம். இதுதான் பேச்சு" என்று கன்னடத்தில் கெஞ்சினேன். அவர் டேப்பையும் என்னையும் பார்த்தார். மருந்தில் பஞ்சை நனைத்து டேப்பைத் தானே துடைத்துக் கொடுத்தார்.

உள்ளே போனதும் இணைப்பு அறுந்தது. நடுவில் இருந்த சுவரோ, கனமான கதவோ, தெரியவில்லை. டேப் சிவந்து கத்தியது. சத்தத்தை அணைத்தேன். வாசலுக்குப் போய்ப் போனை நகர்த்தி வைத்தேன். திரும்ப வந்தேன். எண்ணைத் திரும்ப அடித்தேன். பக்கம் வந்தது, பாதியில் நின்றது. மறுபடி வெளியே போனேன். இப்படியே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் கட்டங்கள் வந்தன. டேப்பை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

அவள் அதைப் பார்க்கவில்லை. டேப்பின் விளிம்புக்கு மேலே என்னைப் பார்த்தாள். நான் டேப்பை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன். "எழுத்தப் பாரு. வேணுங்கற எடத்துல கண்ண மூடு" என்றேன். அவள் கண்ணை அசைக்காமல் என்னையே பார்த்தாள். நர்ஸ் வந்து தோளைத் தொட்டார். நேரம் முடிந்துவிட்டது.

அந்தப் பத்து நிமிடத்தில் ஏழு நிமிடத்தையாவது கருவியோடு கழித்திருப்பேன். மீதியில் அவளுக்கும் எனக்கும் நடுவில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுநாள் டேப்பைக் கொண்டுபோகவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொள்ளலாம் என்று போனேன். அன்று அவள் கண் திறக்கவில்லை. அதற்கு அடுத்த நாள் முற்பகலில் போய்விட்டாள்.

காரியங்கள் முடிந்த பிறகு பெரியம்மா ஊருக்குக் கிளம்பினார். பஸ் ஏற்றிவிட்டு நான் வீடு வந்து சேர்வதற்குள் அவரிடமிருந்து போன். குரல் பதறியது.

"மாப்ள, போனு செவப்பாக் கத்துதுங்க. மணி பாக்கறதுக்குத்தான் எடுத்தேன். கத்திட்டே இருக்குது. யாருங்க கூப்புடறாங்க?"

வீட்டு வைஃபையை விட்டு வெளியே போனால் அது அப்படித்தான் கத்தும். நான்தான் அப்படி எழுதியிருந்தேன். இத்தனை மாதமும் அவர் போனோடு வீட்டு வாசலைத் தாண்டியதே இல்லை; லேப்டாப் ஆஸ்பத்திரியில் இருந்த அன்று அவர் போன் சார்ஜ் தீர்ந்து அணைந்து கிடந்தது. "யாரும் கூப்புடல பெரியம்மா. அந்தப் பக்கத்த மூடிருங்க" என்றேன். எப்படி மூடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்தவரிடம் கொடுக்கச் சொல்லி, கன்னடத்தில் வழி சொல்லி, மூட வைத்தேன். பிறகு அவர் சொன்னார், "மூடியாச்சுங்க." நான் போனை வைக்கவில்லை. வெறுமே பஸ் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

லேப்டாப்பை அணைக்க எனக்கு மனம் வரவில்லை. அதில் அவள் தொட்டதெல்லாம் நாள், நேரத்தோடு பதிவாகியிருந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் கூடத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தமிழ் எழுத்தில் இருந்ததையெல்லாம் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். ரசம், புளி, எதிர் வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் சத்தம், எனக்குத் தலைமுடி வெட்ட வேண்டும் என்பது. சில இடங்களில் இருவரும் சிரித்தோம். அந்த மத்தியானத்துத் தேதி வந்ததும் அவள் திரையருகே குனிந்தாள்.

"இங்க ஒண்ணுமே இல்லியே. அம்மா எத்தன தடவ ஒத்தினாங்க?"

"எத்தன தடவ அழுத்தினான்னு தெரியாதும்மா. வந்து சேர்ந்தது மட்டும்தான் இதுல விழும்."

இத்தனை மாதமும் அவள் அதைச் சுமந்துகொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். ஏதோ கோளாறு என்று சொல்லி நான் அவளைச் சுமக்க விட்டிருந்தேன். அன்று சொல்லிவிட்டேன். எண்ணைக் கட்டிப்போட வேண்டும் என்பது எனக்கு முன்பே தெரியும், பத்து நிமிட வேலை, ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகத் தள்ளிப்போட்டேன் என்று. "உன் போன்மேல தப்பில்ல. உன்மேலயும் இல்ல. நான் செய்யல."

"கொத்து அப்பா" என்றாள். எனக்குத் தெரியும் என்று அர்த்தம்.

நான் அவளைப் பார்த்தேன்.

"அன்னிக்கு சாயங்காலமே நீங்க ரவுட்டர்ல என்ன மாத்தினீங்கன்னு அப்புறமா பார்த்தேன். அம்மா கிட்டயும் சொன்னேன். அப்பாட்ட கேக்காதேன்னு எழுதினாங்க. அவரே ஒடஞ்சு போயிருக்காருன்னு."

பதிவில் அது எங்கே இருக்கிறது என்று தேடினேன். அவள்தான் விரலை வைத்துக் காட்டினாள். கன்னட எழுத்தில், நான் வேலைக்குப் போயிருந்த ஒரு நேரத்தில், மூன்று வரி. என் மகள் அதை மெதுவாக வாய்விட்டுப் படித்தாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். படித்து முடித்ததும் இன்னொரு முறை படிக்கச் சொன்னேன்.